லாரி விபத்தும் இழப்பீட்டு உரிமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. சிலம்பையும் கம்பனையும் பற்றி நம்மினும் வல்லார் இன்று பேச இருக்கின்றனர். செயலாளர் அவர்கள் நம்மிடம் கேட்டுக்கொண்டது வேறு ஒன்று. லாரி விபத்துகளைப் பற்றியும், அவற்றால் துயருறும் குடும்பங்களுக்குச் சட்டம் அளிக்கும் துணையைப் பற்றியும் பேசவேண்டும் என்றார்கள். விழா நாளில் பேசத் தக்க பொருள்தானா இது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் லாரியோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்பது அரிது.

சாலைக் கடைத்தெருவுக்கு விடியற்காலையில் சென்றவர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய லாரிகள் அங்கே சரக்கு இறக்கும். அரிசியும் பருப்பும் வெங்காயமும் காய்கறியும் களியக்காவிளை வழியாகவும், செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகவும், வாளையாறு வழியாகவும் இந்நாட்டுக்கு வருகின்றன. ஓணத்துக்கு மலையாள அன்பர்கள் முற்றத்தில் இடும் பூக்கோலத்தில் பாதி தோவாளைப் பூ. அந்தச் சரக்கை வரவழைப்பவர் நம்மவர்; இறக்குபவர் நம்மவர்; ஓட்டிவருபவரும் பெரும்பாலும் நம்மவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் போக நாம் இரவுப் பேருந்தில் ஏறும்போது, அந்தப் பேருந்தும் இதே லாரிகளுக்கு நடுவேதான் போகிறது. நம்மை உண்பிக்கும் சாலைதான் சில வேளைகளில் நம்மைக் கொல்லவும் செய்கிறது.

இந்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டில் இறந்தோர் 17,884 பேர். கேரளத்தில் 4,317 பேர். எண்ணைக் கேட்டு மனம் மரத்துப்போகும். ஆதலின் நாம் நன்கு அறிந்த மூன்று நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2020 பிப்ரவரி 20ஆம் நாள், விடியுமுன் மூன்று மணிக்குச் சற்றுப் பின். பெங்களூரிலிருந்து எறணாகுளத்துக்கு வந்துகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்து திருப்பூர் மாவட்டத்து அவிநாசிக்கு அருகில் வருகிறது. கேரளத்திலிருந்து ஓடு ஏற்றிக்கொண்டு எதிர்ப்புறப் பாதையில் சென்ற கன்டெய்னர் லாரி ஒன்று நடுத்திட்டைத் தாண்டிப் பேருந்தின்மேல் பாய்கிறது. உறங்கிக்கொண்டிருந்த பயணிகளுள் பலர் விழிக்கவே இல்லை. ஓட்டுநரும் நடத்துநரும் உட்படப் பத்தொன்பது பேர் மாண்டனர். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்பதே விசாரணையில் வெளிவந்த காரணம்.

கண்ணயர்தல் என்னும் சொல் மென்மையானது. அதன் கணக்கு மென்மையானதன்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. நான்கே நொடி இமை மூடினால், ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் அந்த வண்டியை ஓட்டுபவர் எவரும் இல்லை. இரண்டு அச்சு லாரி ஒன்று சரக்கோடு சேர்த்து 16.2 டன் இருக்கலாம் என்று முன்பு விதி இருந்தது. 2018இல் அதை 18.5 டன்னாக உயர்த்தினார்கள். அதற்கு மேலும் ஏற்றுவோர் இருக்கிறார்கள் என்பது நெடுஞ்சாலையில் போய்வருவோர் கண்ட உண்மை. அவ்வளவு எடை உருண்டு வரும்போது, பிரேக்கை மிதித்த கணத்தில் அது நின்றுவிடும் என எதிர்பார்ப்பது பேதைமை. மலையிறக்கத்தில் ஓயாமல் மிதிபட்டுச் சூடேறிய பிரேக்கோ பிடிப்பையே இழந்துவிடும்.

ஓட்டுநர் ஏன் உறங்குகிறார்? நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு என்று மோட்டார்த் தொழிலாளர் சட்டம் 1961லேயே விதித்தது. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழிற் சட்டத் தொகுப்பும் எட்டு மணி நேரத்தையே கூறுகிறது. ஏட்டில் உள்ள எட்டு மணி சாலையில் பதினாறு ஆவதற்குக் காரணம், சரக்கு சந்தை கூடுமுன் வந்து சேரவேண்டும் என்னும் கெடுவும், நடைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் கூலியும். இதைச் சொல்லும்போது, காய்கறி ஏன் இன்னும் வரவில்லை என்று விடியற்காலையில் தொலைபேசியில் கடிந்துகொள்ளும் வணிக நண்பர்கள் சிலர் இந்த அவையிலும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் உற்பத்தியாகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி வேண்டும் என்று அரசு விதித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் குளிர்ந்த அறையிலும் தூக்கம் தூக்கமே.

இரண்டாவது நிகழ்ச்சி நம் வாசலில் நடந்தது. விழிஞத்துத் துறைமுகத்துக்கு வேண்டிய கருங்கல்லைச் சுமந்து டிப்பர் லாரிகள் இடைவிடாது ஓடிய காலம். 2024 மார்ச் 19ஆம் நாள் காலையில், முக்கோலைக்கு அருகே, கல் ஏற்றிச் சென்ற டிப்பரிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்தது. ஸ்கூட்டரில் கல்லூரிக்குச் சென்றுகொண்டிருந்த பல் மருத்துவ மாணவர் ஒருவர் அதில் அடிபட்டு இறந்தார். லாரி அவர்மேல் மோதவில்லை, சரக்குதான் விழுந்தது. அளவுக்கு மேல் ஏற்றுவதும், மூடாமல் ஏற்றுவதும், சாலையை மறைத்து விரைவதும் எவ்வளவு கொடியவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, அதே ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், திருச்சூர் மாவட்டத்து நாட்டிகையில் நிகழ்ந்தது. தேசிய நெடுஞ்சாலைப் பணி நடைபெற்று, போக்குவரத்துக்கு அடைக்கப்பட்டிருந்த பகுதியில் பாலக்காட்டு எல்லையோரத்து நாடோடிக் குடும்பத்தார் படுத்துறங்கினர். மரம் ஏற்றிய லாரி ஒன்று தடுப்பைக் கடந்து அவர்கள்மேல் ஏறியது. இரண்டு குழந்தைகள் உட்பட ஐவர் இறந்தனர். வண்டியை ஓட்டியவர் உரிமம் இல்லாத கிளீனர் என்றும், அவரும் ஓட்டுநரும் மது அருந்தியிருந்தனர் என்றும் போலீசார் கூறினர்.

இம்மூன்றையும் நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முதலாவதில் ஓட்டுநரின் உறக்கம். இரண்டாவதில் மோதலே இல்லை. மூன்றாவதில் ஓட்டியவருக்கு உரிமமே இல்லை. துயருற்ற குடும்பங்களிடம், "உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது" என்று சொல்லுவோர் இவ்வகைக் காரணங்களைத்தான் காட்டுவார்கள். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

முற்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விந்தை இருந்தது. வண்டி மோதிக் கால் ஒடிந்தவன் நஷ்ட ஈடு கேட்கலாம். அதே மோதலில் அவன் இறந்துபோனால் மனைவி மக்கள் ஒன்றும் கேட்க இயலாது. உரிமையும் அவனோடு இறந்துவிடும். ஊனப்படுத்துவதைக் காட்டிலும் கொல்வது மலிவு என்பதே இதன் பொருள். 1846இல் இங்கிலாந்திலும் 1855இல் இந்தியாவிலும் இக்குறை நீக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், சாலையில் ஓடும் வண்டி பிறருக்கு விளைக்கும் தீங்குக்காகக் காப்பீடு செய்தே ஆகவேண்டும் என்றது. 1956இல் அதைத் திருத்தி, விபத்து இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயம் அமைக்க வழிசெய்தனர். இன்று நடப்பில் உள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டம்.

இத்துறையில் பாலக்காடு பெற்ற நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யரை நினையாதிருக்க இயலாது. தமிழ்நாட்டில் ஒரு பேருந்து மின்கம்பியில் பட்டு எட்டுப் பேர் மாண்ட வழக்கில், ஓட்டுநர் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றிருந்தார். ஆகவே இழப்பீடும் இல்லை என்று வாதிட்டனர். குற்ற வழக்கு வேறு, இழப்பீடு வேறு. சிறு ஐயங்களைக் காட்டி வண்டி உடைமையாளர் தப்பிவிடத் தீர்ப்பாயங்கள் இடங்கொடுத்தலாகாது என்று 1980இல் உச்சநீதிமன்றத்தில் அவர் தீர்ப்புரைத்தார். அதற்கு முந்திய ஆண்டில், அரசுப் பேருந்தால் குடும்பத் தலைவனை இழந்த ஏழைப் பெண்களிடம் நீதிமன்றக் கட்டணம் கேட்ட ஒரு மாநில அரசை அவர் வன்மையாகக் கண்டித்தார். இன்றும் ஓட்டுநர் விடுதலையானதைக் கேட்டு மனமுடைந்து இழப்பீட்டு வழக்கையும் கைவிடும் குடும்பங்கள் உள்ளன. அவர்களுக்கு 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றி எவரும் சொல்லவில்லை.

இனி நாம் கூறிய மூன்று காரணங்களுக்கு வருவோம். மோதல் இல்லையே என்பதற்கு விடை: சட்டம் கூறுவது மோதலை அன்று, வண்டியின் பயன்பாட்டால் நேர்ந்த விபத்தை. 1987இல் மகாராட்டிரத்தில் ஒரு பெட்ரோல் டாங்கர் கவிழ்ந்து, நான்கு மணி நேரம் கழித்து வெடித்தது. வண்டி அசையாமல் கிடந்தபோதும், அது வண்டியின் பயன்பாட்டால் விளைந்ததே என்று 1991இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. ஓடும் லாரியிலிருந்து விழுந்த கல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உரிமம் இல்லை என்பதற்கு விடை: காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டோருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டி உடைமையாளரிடம் பெற்றுக்கொள்ளட்டும் என்பதே 2004 முதல் நீதிமன்றங்கள் வழங்கிவரும் நெறி. அந்தக் கணக்கு அவர்களுக்குள். அதற்காக விதவை காத்திருக்க வேண்டியதில்லை. உறக்கமோ, ஓட்டுநரின் கவனக்குறைவே. அதற்கு உடைமையாளர் பொறுப்பு.

அடுத்து நாம் கூறப்போவது, எல்லை கடந்து வாழும் நமக்கு யாவற்றினும் இன்றியமையாதது. விபத்து தமிழ்நாட்டில் நிகழ்கிறது. குடும்பம் கரமனையில் இருக்கிறது. வழக்கு எங்கே? 1994க்கு முன் விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்துக்கே செல்லவேண்டும். கணவனை இழந்தவள் கைக்குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்நூறு நானூறு கிலோமீட்டர் போய்வரவேண்டும். எத்தனையோ பேர் இரண்டாம் வாய்தாவோடு விட்டுவிட்டனர். 1994 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. மனுதாரர் வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ வழக்கிடலாம் என்றாயிற்று. அவிநாசியில் நடந்த விபத்துக்குத் திருவனந்தபுரத்திலேயே மனுச் செய்யலாம். இதை அறியாமல் இன்றும் சிலர், ஊருக்குப் போய் வழக்கு நடத்த யாரால் முடியும் என்று சோர்ந்து, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்கள்.

கொடுத்தது எவ்வளவு, கொடுத்திருக்க வேண்டியது எவ்வளவு என்று ஒரு கணக்கைப் பார்ப்போம். சாலைக் கடைத்தெருவில் மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் முப்பத்திரண்டு வயதுத் தொழிலாளி ஒருவர். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் ஆகிய நால்வர் அவரை நம்பி இருக்கின்றனர் என்று கொள்வோம். உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2017 அக்டோபர் 31இல் அளித்த தீர்ப்பின்படி, நாற்பது வயதுக்குட்பட்ட இத்தகையோருக்கு வருங்கால உயர்வாக நூற்றுக்கு நாற்பது கூட்டவேண்டும், 21,000 ஆகிறது. அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக் கூடியதற்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. இது 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணையில் உள்ளது. பெருக்கினால் 30,24,000 ரூபாய். ஈமச் செலவும், மனைவி மக்கள் இழந்த துணைமைக்கான தொகையும் இதற்கு மேல். சாவு வீட்டுத் திண்ணையில் பதினாறாம் நாள் காரியம் முடியுமுன் இரண்டு லட்சம் தருகிறோம், வழக்கு வேண்டாம் என்று யாரேனும் பேசவந்தால், அந்த இரண்டு லட்சத்தை இந்த முப்பது லட்சத்தோடு வைத்துப் பாருங்கள்.

இல்லத்தரசி இறந்தால் இழப்பீடு இல்லை என்ற எண்ணமும் பரவலாக உண்டு. சமைத்து, பிள்ளை வளர்த்து, முதியோரைப் பேணும் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்று உச்சநீதிமன்றம் 2010லும் 2021லும் தெளிவாகக் கூறியிருக்கிறது. தாய்மார்கள் கைதட்டுவது கேட்கிறது. தட்டத் தக்கதுதான்.

2022 ஏப்ரல் முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் நன்மையும் உண்டு, கண்ணியும் உண்டு. யார்மீது பிழை என்று பாராமலே இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் தரவேண்டும் என்பது நன்மை. காப்பீட்டு நிறுவனம் முப்பது நாளுக்குள் ஒரு தொகையை முன்வந்து கூறவேண்டும் என்பதும் நன்மையே. ஆனால் அவ்வழியில் 5 லட்சத்தைச் சம்மதித்து ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள பெரிய மனு அத்துடன் ஒழிந்துபோகும். கையெழுத்திடுமுன் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்பது இதனால்தான். விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்னும் கெடுவும் அதே திருத்தத்தில் வந்தது. இக்கெடு உச்சநீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டுள்ளது. காலங்கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளவேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால ஆணை பிறந்தது. இடைக்கால ஆணையை நம்பி ஏழாவது மாதம் வரை காத்திருப்பவர் அறிவுடையவர் ஆகார்.

மோதிய வண்டி நில்லாமல் ஓடிவிட்டால்? 2022இல் அவ்வாறு வண்டி ஓடிவிட்ட விபத்துகளில் இந்தியாவில் 30,486 பேர் இறந்தனர். ஓட்டுநர் ஓடுவதற்கு ஊரார் அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்னும் அச்சமும் ஒரு காரணம். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் புதிய தண்டனைப் பிரிவை எதிர்த்து நடத்திய வேலைநிறுத்தத்தில் இவ்வச்சமே முதன்மையாகப் பேசப்பட்டது. எண் தெரியாத வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும், கொடுங்காயமுற்றோருக்கு ஐம்பதினாயிரமும் அரசுத் திட்டத்தின்கீழ் உண்டு. ஆனால் இதற்கு நாம் வசிக்கும் இடம் செல்லாது. விபத்து நடந்த பகுதியின் வருவாய் அதிகாரியிடமே விண்ணப்பிக்கவேண்டும்.

சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நேர்ந்தால், எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டம் 2021 டிசம்பர் முதல் அங்கே நடைபெறுகிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் நாடெங்கும் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள், பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவரைப் போலீசார் தொல்லைப்படுத்துதல் ஆகாது என்பதும் இப்போது சட்டம். சாட்சியாகிவிடுவோமோ என அஞ்சி விலகிப் போகவேண்டியதில்லை.

எந்தச் சட்டமும் உதவாத ஓர் இடம் உண்டு. அதையும் மறைக்காமல் கூறவேண்டும். சரக்கு லாரியில் பயணிகளாக ஏறிச் செல்வோர்க்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பன்று என்று 2002இல் உச்சநீதிமன்றம் தீர்த்துவிட்டது. சரக்குக்கு உடையவரும் அவர் அனுப்பும் ஆளும் மட்டுமே விலக்கு. கொடை விழாவுக்கும் காதுகுத்துக்கும் செலவு குறையும் என்று மினி லாரியில் பாய் விரித்துப் பெண்டு பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் வழக்கம் நம்மிடையே இன்னும் அடியோடு போகவில்லை. அந்த வண்டி கவிழ்ந்தால், உடைமையாளர் ஒருவரிடம்தான் கேட்கமுடியும். அவருக்குச் சொத்து என்று இருப்பது பெரும்பாலும் கவிழ்ந்துகிடக்கும் அந்த லாரியே.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று எவரும் தயங்கவேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் உண்டு. வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணி ஆணையத்தை அணுகலாம். 15100 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாலும் வழி சொல்வார்கள். கிடைக்கும் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேரம் பேசி வழக்கை எடுப்பது வக்கீல்களின் ஒழுக்க விதிக்கு மாறானது. அவ்வாறு பேசிக்கொண்டு மருத்துவமனை வாசலுக்கே வந்து நிற்பவரை நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

வேண்டிய தாள்களைப் பற்றிக் கூறி முடிக்கிறோம். முதல் தகவல் அறிக்கை, மகசர், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, வண்டியின் பதிவுச் சான்றும் காப்பீட்டுத் தாளும், மருத்துவச் செலவுச் சீட்டுகள், வயதுக்கும் வருமானத்துக்கும் சான்று ஆகியவை தேவை. போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு விதி. அனுப்பினார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கடையில் கைச்சம்பளம் வாங்கும் நம் இளைஞர்களுக்கு வருமானச் சான்று என்று ஒன்றும் இருப்பதில்லை. கடை நடத்தும் அன்பர்கள் ஊதியத்தை வங்கி வழியாகக் கொடுத்தாலே, வேண்டாத நாளில் அது ஒரு குடும்பத்தைக் காக்கும்.

தமிழ்நாட்டுப் போலீசார் எழுதும் அறிக்கை தமிழில் இருக்கும். இங்குள்ள தீர்ப்பாயத்தில் அதை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துக் கொடுக்கவேண்டியிருக்கும். இந்த ஒரு காரணத்தாலேயே மாதக்கணக்கில் நின்றுபோகும் மனுக்கள் உண்டு. நம் சங்கத்து உறுப்பினர்களுள் இம்மொழிகளை நன்கு அறிந்த ஆசிரியர்களும் ஓய்வு பெற்ற அலுவலர்களும் பலர் இருக்கிறார்கள். இப்பணிக்கு ஊதியமின்றி உதவ விரும்புவோருக்காகச் செயலாளர் அவர்கள் வாயிலருகே மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். உணவு இடைவேளைக்குமுன் பெயரும் முகவரியும் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.